வெடிகாய் மரத்து விதை

தோட்டக்காரர் திருமலை குனிந்து, தரையில் கிடந்த காயின் ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, இதுக்குள்ள இருந்த வெத எங்க?" என்று கேட்டார். அப்போது மணி பத்தே முக்கால்.

நேரத்தை என்னால் சரியாகச் சொல்ல முடிகிறது. பதினோரு மணிக்குச் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குள் போகலாம் என்று அனுமதி வாங்கியிருந்ததால், கைக்கடிகாரத்தை நான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன். அது 1932ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. ராயபுரத்தில் ஒரு மிஷன் பெண் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு நான் உபாத்தியாயினி. அந்த வகுப்பின் இருபத்தைந்து பெண்களையும் ஆயா குப்பம்மாவையும் அழைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு ராயபுரத்தில் டிராம் ஏறி, சென்ட்ரலில் மாறி, மவுண்ட் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து நடந்து ஒரு செடித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். பாதிப் பெண்களுக்கு அதுதான் முதல் டிராம் பயணம். கப்பல் துறையும் கரிக் கிடங்கும் மீன் காயும் மணலும் தவிர வேறொன்றும் பார்க்காத பிள்ளைகள். ஒரே இடத்தில் இவ்வளவு மரத்தைக் கண்டதும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

ஒழுங்குக்காக அவர்களை ஆறு ஆறு பேராக நாலு குழுவாகப் பிரித்திருந்தேன். ஒரு பெண் மிஞ்சினாள். அவள் அம்மு. விழுந்து கிடக்கும் இலை, காய்களைப் போட்டு வைக்கும் கூடையை அவளிடம் கொடுத்து, எந்தக் குழுவிலும் சேர்க்காமல் என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

திருமலை எங்களை நிறுத்தியிருந்த மரம் வேறு தேசத்திலிருந்து வந்தது. இலை அரசிலை மாதிரி இருந்தது. அடிமரம் முழுக்கக் கூம்பு கூம்பாக முள். காய் சின்னப் பூசணி போல, சுளை சுளையாகப் பிரிந்து, மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். வெயில் ஏறினால் துப்பாக்கி சுட்டதுபோல வெடித்துச் சிதறுமாம். அதனால் தோட்டத்து ஆட்கள் அதற்கு வெடிகாய் மரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒன்று வெடித்தது. பெண்கள் முதலில் அலறினார்கள். பிறகு சிரித்துக்கொண்டு சிதறிய துண்டுகளைப் பொறுக்க ஓடினார்கள். அந்தக் காலத்துத் துரைமார் இந்தக் காயைக் குடைந்து, மை காயத் தூவும் மணலை அதில் போட்டு வைப்பார்கள் என்று திருமலை சொல்லிக்கொண்டிருந்தார். பாடத்துக்கு ஆகும் என்று அதை நான் குறித்துக்கொண்டேன். அதில் பத்து நிமிஷம் போயிருக்கும்.

விதை எங்கே என்று அவர் கேட்டபோது, கூடையில் இருக்கும் என்றேன். கூடையில் ஓடு மட்டும்தான் இருந்தது.

திருமலை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "வெத இனிப்பா இருக்கும்மா. அதான் பேஜாரே. கொஞ்ச நேரம் கழிச்சு தொண்ட எரியும். அப்பால வாந்தி, பேதி, ரத்தமாப் போவும். போன வருசம் மண்ணு சொமக்க வந்தவன் ரெண்டு வெத துன்னுட்டு மூணு நாளு ஆஸ்பத்திரில கெடந்தான். அவன் தடி ஆளு. இதுங்க புள்ளைங்க."

எனக்குக் காதுக்குள் டிராம் சத்தம் மாதிரி ஒன்று கேட்கத் தொடங்கியது. பெண்களை வரிசையில் நிற்கச் சொன்னேன். விதையை யாராவது வாயில் வைத்தீர்களா என்று கேட்டேன். அடிக்க மாட்டேன் என்றேன். உபாத்தியாயினிகள் அடிப்பதற்கு முன்னால் சொல்லும் வார்த்தை அதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லாரும் காலைப் பார்த்தார்கள்.

தின்றிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அப்படிப் பழக்கியவளே நான். வெள்ளிக்கிழமை தோறும் என் வகுப்பில் ஐம்புலப் பாடம் நடக்கும். ஏதாவது ஒரு விதையையோ காயையோ கொண்டு வந்து, முதலில் பார், பிறகு தொடு, தட்டிக் கேள், முகர், கடைசியில் சுவை என்று வரிசையாகச் செய்து நோட்டில் எழுத வேண்டும். புளியங்கொட்டை, வெந்தயம், வேப்பம்பழம், கடுக்காய் என்று ஒரு வருஷமாகச் செய்து வந்தோம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, மற்ற பள்ளிகளும் இதைக் கைக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டுப் போனார். தோட்டத்து வாசலில் நான் ஒரு எச்சரிக்கை சொன்னது உண்மை. இன்றைக்கு நாலோடு நிறுத்துங்கள், ஐந்தாவதைப் பள்ளியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். இனிப்பு மணம் வீசும் விதை கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளை திங்கட்கிழமை வரை காத்திருக்கும்?

ஒவ்வொருத்தியின் பாவாடை முனை முடிச்சையும் அவிழ்க்கச் சொல்லிக் குப்பம்மாவும் நானும் தேடினோம். ஏழு முழு விதைகள் கிடைத்தன. தட்டையாக, வட்டமாக, பழைய அரையணாக் காசு அளவு இருந்தன. ஒரு காயில் பதினாலு, பதினைந்து இருக்கும் என்றார் திருமலை. மீதி ஏழெட்டுக்குக் கணக்கு இல்லை. புல்லில் விழுந்திருக்கலாம். யாராவது ஒரே பெண்ணின் வயிற்றிலும் இருக்கலாம். அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எவளுக்கு முதலில் வலிக்கப் போகிறது என்று தெரியாமல் இருபத்தைந்து பிள்ளைகளின் முன் நிற்பது எப்படி இருக்கும் என்பதை என்னால் எழுத முடியவில்லை.

முதலில் கெங்கம்மா என்ற சின்னப் பெண் தொண்டையைத் தடவினாள். நான் ஓடிப் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை தின்றாய் என்று உலுக்கினேன். அவள் அழத் தொடங்கினாள். உடனே பக்கத்தில் நின்றவள், தனக்கும் லேசாகக் காந்துகிறது என்றாள். அதற்கு அடுத்தவளும் சொன்னாள்.

அப்போது சிலுவையம்மாள் முன்னால் வந்தாள். காசிமேட்டு மீன்காரர் வீட்டுப் பெண், வகுப்பிலேயே பெரியவள், மற்றவர்கள் அவள் பேச்சைத்தான் கேட்பார்கள். "அவள உலுக்காதீங்க டீச்சர். எல்லாருந்தான் துன்னோம். காக்கா கடி கடிச்சி துன்னோம்" என்றாள்.

எங்கள் பள்ளியில் அது எழுதாத சட்டம். ஒருத்தி கொண்டு வந்ததை ஒருத்தி தனியாகத் தின்னக் கூடாது. கொய்யாவோ கமர்கட்டோ எதுவானாலும், பாவாடை முனையை அதன் மேல் போட்டு, துணியோடு சேர்த்துக் கடித்துத் துண்டாக்கிப் பங்கு போடுவார்கள். துணி நடுவில் இருப்பதால் எச்சில் இல்லை. குழுவுக்கு ஒரு விதை எடுத்து, ஆறு பேரும் அப்படித்தான் கடித்திருந்தார்கள். நான் பிரித்து வைத்த குழு, நான் சொல்லிக் கொடுத்த வரிசை.

திருமலை முகம் தெளிந்தது. "ஆறு பேருக்கு ஒண்ணா? ஆளுக்கு ஒரு பொடி. அது ஒண்ணும் பண்ணாதும்மா. உப்புத் தண்ணி குட்த்து வாந்தி எடுக்க வெச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு, தன் குடிசைக்கு உப்பு எடுக்கப் போனார். நான் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அந்தச் சட்டத்தை உண்டாக்கிய பிள்ளை யாரோ, அவளையும் மனதுக்குள் வாழ்த்தினேன்.

கிணற்றடியில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். குப்பம்மா ஒவ்வொருத்தி வாயிலும் உப்புத் தண்ணீரை ஊற்றி, முதுகில் தட்டி, "எடு, எடு, பங்கு போட்டுத் துன்னுச்சுங்களாம், பங்கு போட்டு வாந்தி எடுங்க" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். சிலபேர் அழுகையோடு சிரித்துவிட்டார்கள். நான் தலையை எண்ணினேன். இருபத்து நாலு.

அம்மு கொஞ்சம் தள்ளி, கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கிணற்றடிக்கு வரவில்லை. அங்கே இடம் காலியாகட்டும் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நீயும் வந்து தண்ணீர் குடி, எந்தக் குழுவோடு கடித்தாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

பதில் சிலுவையம்மாளிடமிருந்து வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டே, நல்லது செய்தவள் குரலில் சொன்னாள்:

"அவ காக்கா கடில இல்ல டீச்சர். அவளுக்கு முழுசா குட்த்துட்டோம்."

"நாங்களும் ஒண்ணு குட்த்தோம்" என்றாள் இரண்டாவது குழுவின் பெண். மூன்றாவது குழுவும் நாலாவது குழுவும் அதையே சொன்னார்கள். தாங்கள் அவளை விட்டுவிட்டுத் தின்னவில்லை என்று எனக்குக் காட்ட ஒவ்வொருத்தியும் முந்திக்கொண்டாள்.

இந்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல. அம்முவின் அப்பா வரதன் வியாசர்பாடி லைன் வீடுகளிலிருந்து, துறைமுகத்தில் கரி இறக்கும் வேலை கிடைத்து எங்கள் பக்கம் குடி வந்தவர். அந்தப் பிள்ளை வாய் வைத்த துண்டை மற்றவர்கள் வாங்க மாட்டார்கள். துணி நடுவில் இருந்தாலும் மாட்டார்கள். கிறிஸ்தவ வீட்டுப் பெண்களும் மாட்டார்கள். அதனால் அவள் பங்கை முன்கூட்டியே தனியாக எடுத்து, மேலிருந்து கையில் போட்டுவிடுவார்கள். ஒரு வருஷமாக இடைவேளையில் நான் அதைப் பார்த்து வந்தேன். கொடுக்காமல் விடவில்லையே என்று ஒரு தடவை அவர்களை மெச்சியும் இருக்கிறேன். கூடையை அவளிடம் கொடுத்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டதும் அதே காரணத்துக்காகத்தான். எந்தக் குழுவில் சேர்த்தாலும் முணுமுணுப்பு வரும்.

நான் அம்முவின் முன்னால் மண்டியிட்டு, எத்தனை தின்றாய் என்று கேட்டேன்.

"ஒண்ணு தான் டீச்சர்."

"நாலு பேரும் குடுத்தாங்களே. மத்தது எங்க?"

அவள் கூடைக்குள் பார்த்தாள். அவள் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது.

உப்புத் தண்ணீர் கொடுத்தோம். முதல் டம்ளர் உள்ளேயே நின்றது. இரண்டாவதுக்கும் வரவில்லை. திருமலை அவள் வாய்க்குள் விரலை விட்டபின் தண்ணீர் மட்டும் வந்தது. இதற்கு மேல் இங்கே நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு ஓடிப் போய் ஒரு ஜட்காவை நிறுத்தினார். மற்றப் பெண்களைக் குப்பம்மா பொறுப்பில் விட்டேன். டிராம் டிக்கெட் பணத்தை அவளிடம் கொடுக்கும்போது, "நீ போ டீச்சரம்மா. நான் இதுங்கள வூட்ல சேர்த்துட்டு, அவ ஆத்தாள இட்டுகினு வரேன்" என்றாள். எனக்குக் குழந்தைக்காக இருந்த பயத்தோடு அந்தத் தாய்க்காக ஒரு பயமும் அப்போது சேர்ந்துகொண்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் வீட்டு வாசலில் நான் நின்றிருந்தேன். அம்முவின் அம்மா சொக்கம்மாள், பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். உள்ளே சுவரில் ஒரு புத்தர் படமும், அதன் கீழே ஒரு மண் அகலும் இருந்தன. அவள் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. என் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். பிறகுதான் அனுமதிக் காகிதத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

ஜட்கா மவுண்ட் ரோட்டில் ஏறும்போது அம்முவுக்குத் தொண்டை எரியத் தொடங்கியது. வண்டிக்காரரிடம் வேகமாகப் போகச் சொன்னேன். இதுக்கு மேல குதிர செத்துடும் என்றார் அவர். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கழுத்து நாடி என் விரலுக்குக் கீழே எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. எண்ணிப் பார்த்தேன், மூன்று தடவை தப்பிப்போனது.

"அம்மு, டாக்டர் கேப்பாரு. சரியாச் சொன்னாத்தான் மருந்து குடுக்க முடியும். எத்தனை?"

"நாலு" என்றாள்.

"ஏம்மா ஒண்ணுன்னு சொன்னே?"

"தின்னிமாடுன்னு சிரிப்பாங்க."

பிறகு, ஒன்றைத் தின்றுவிட்டு மூன்றைத் தம்பிக்கு எடுத்துப் போகத்தான் நினைத்தாள் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். ஆனால் கொடுத்தவர்கள் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு குழு கொடுத்ததைத் தின்றுவிட்டு இன்னொரு குழு கொடுத்ததைத் தின்னாமல் வைத்துக்கொண்டால் அவர்களுக்குக் கோபம் வரும். "பாதாங்கொட்ட மாதிரி இருந்திச்சு டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. ஜட்காவின் வைக்கோல் மேல் முதல் வாந்தி வந்தது. அதில் சிவப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், இல்லை. இரண்டாவது வாந்தியில் இழை இழையாகச் சிவப்பு இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே எடுத்துக்கொண்டு போய், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். டாக்டர் வெளியே வந்து எண்ணிக்கை கேட்டார். நாலு என்றேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, இருபத்து நாலு மணி நேரம் போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குச் சொக்கம்மாள் வந்தாள். சல்லடையில் கரி சலிக்கும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். புருவத்திலும் காது மடலிலும் கரி. அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்துச் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போய், கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பெரிய டீச்சரம்மா ரிக்‌ஷாவில் வந்தார்கள். என்னைத் தாழ்வாரத்து முனைக்கு அழைத்துப் போய், பள்ளி வாசலில் பெற்றோர்கள் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் துணுக்குத் துணுக்காகத் தின்றார்கள். இந்தப் பெண் ஆசைப்பட்டு நாலு விதையை ஒரே தடவையில் தின்றுவிட்டாள். பெற்றோர்களிடம் தாம் அப்படித்தான் சொல்லியிருப்பதாகவும், நிர்வாகத்துக்கும் அப்படித்தான் எழுதப் போவதாகவும் சொன்னார்கள். "இதுல ஒரு வார்த்தையும் பொய் இல்லையே, ஞானபாக்கியம். நீயும் அதையே சொல்லு. இல்லேன்னா ஐம்புலப் பாடம் எங்கே ஆரம்பிச்சதுன்னு கேப்பாங்க" என்றார்கள். எனக்கு மாதம் இருபத்திரண்டு ரூபாய் சம்பளம். சாத்தான்குளத்தில் அம்மாவும் தங்கையும் அதை எதிர்பார்த்து இருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

அந்த இரவு எப்படிப் போனது என்று சொல்லப் போவதில்லை. குழந்தைக்கு ஒன்பது தடவை வயிற்றால் போனது. நாலு தடவை ரத்தத்தோடு. அதிகாலையில் அவள் கை சில்லிட்டு, நர்ஸ் ஓடிப் போய் டாக்டரைக் கூட்டி வந்து, கைத்தசையில் ஊசி போட்டார்கள். வாந்திக் கிண்ணத்தை நானும் சொக்கம்மாளும் மாறி மாறிப் பிடித்தோம்.

காலை பத்து மணிக்குக் கொஞ்சம் அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். அரை மணி நேரம் ஆகியும் அது உள்ளேயே இருந்தது. டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு, இனி பயமில்லை என்று சொல்லவில்லை. இனி கொஞ்சம் பயம் குறைவு என்றார். சொக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் பரவியது. பிறகு, அந்தப் பக்கம் திரும்பியபடியே என்னிடம் சொன்னாள்:

"உங்க பெரிய டீச்சரம்மா சொல்லிட்டுப் போனாங்க. எம்பொண்ணு ஆச புடிச்சு நாலு துன்னுட்சாம்."

என் வாயில் தயாராக இருந்த வார்த்தை அதுவேதான். அவள் குரலில் கேட்டதும் அது வரவில்லை. நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். குழு பிரித்தது, கூடை கொடுத்தது, காக்காய்க் கடி, முழு விதை. ஒரு வருஷமாகப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததையும் சொன்னேன். சொல்லும்போது வேலை போய்விடும் என்ற பயம் போகவில்லை.

சொக்கம்மாள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"எனுக்குத் தெரியும் டீச்சரம்மா" என்றாள். "இஸ்கூல் சேர்ந்த மொதோ வாரமே வூட்டுக்கு வந்து சொல்லிச்சு. எல்லாருக்கும் கடிச்ச துண்டு, எனுக்கு மட்டும் முழுசா தராங்கம்மான்னு. அவ்ளோ சந்தோசம் அதுக்கு. இன்னா சொல்றது நானு? வாங்காதேன்னு சொல்லத் தெரிஞ்சா, ஏன்னும் சொல்லணுமே."

அம்மு கண்ணைத் திறந்திருந்தாள். எவ்வளவு நேரமாக விழித்திருந்தாள் என்று தெரியவில்லை. குரல் தேய்ந்துபோயிருந்தது.

"கெங்கம்மாக்கும் ஊசி போட்டாங்களா டீச்சர்?"

"இல்லம்மா. அவ நல்லா இருக்கா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

அவள் கூரையைப் பார்த்து யோசித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனுக்கு மட்டுமா?" என்று கேட்டாள். "ஏன்?"

சொக்கம்மாள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தை எனக்கு விட்டாள். கட்டிலின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தேன். அம்முவின் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. நேற்று ஜட்காவில் எண்ண முடியாமல் தப்பிப்போன நாடியைத் தேடி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க உன்னோட சேர்ந்து கடிக்க மாட்டாங்க, அம்மு. அதனாலதான் உனக்கு முழுசாக் குடுத்தாங்க" என்று சொன்னேன்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் விரலுக்குக் கீழே நாடி ஒரு கணம் வேகமாக ஓடியது. அதை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.